ஜெயக்கொடியின் காருக்கு மூக்கு வைத்த கதை

"நெசமாத்தான் ஓட்டை போடவா?" என்று கண்ணுச்சாமி மூன்றாவது முறையாகக் கேட்டார். அவர் கையில் உளியும் சுத்தியலும் இருந்தன. மதுரை ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில் புனல், அரிக்கேன் விளக்கு, எண்ணெய்க் குவளை என்று தகரத்தில் ஆகக்கூடியதையெல்லாம் செய்து கொடுப்பவர் அவர். இருபது வருஷமாக ஓட்டையை அடைத்துத்தான் அவருக்குப் பழக்கம். நல்ல இரும்பில் புதிதாக ஓட்டை போடச் சொன்ன முதல் ஆள் ஜெயக்கொடி.

"போடுங்கண்ணே. கோடு போட்ட இடத்துல போடுங்க."

"வண்டி செத்துப் போச்சுன்னா என்னையச் சொல்லக் கூடாது."

"அது இப்பவே பாதி செத்துத்தான் கெடக்கு."

அது உண்மை. கொடைக்கானலில் இருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. மலைக் குளிரில் சுகமாக வாழ்ந்த உடம்பு. மதுரை வெயிலில் திருப்பரங்குன்றம் தாண்டியதும் மூச்சு வாங்கும்; இருமும்; நின்றுவிடும். வாடகைக்கு ஏறியவர்கள் இறங்கி நடப்பார்கள். பின்னால் வரும் பஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போகும்.

ஜெயக்கொடிக்கு இங்கிலீஷ் எழுத்து கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனால் படம் பார்க்க நன்றாக வரும். ஒரு சவாரிக்காரர் விட்டுப்போன மோட்டார் பத்திரிகையில், பந்தயக் கார் ஒன்றின் இன்ஜின் மூடியான பானட்டின்மேல் திறந்த வாயோடு ஒரு தகரக் கூண்டு இருந்தது. மூன்று நாள் அந்தப் படத்தையே பார்த்தான். நாலாம் நாள் விளங்கியது. பானட்டுக்குள் இருக்கிற காற்று அடுப்படிக் காற்று. பெட்ரோலோடு காற்றைக் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டர் அதைத்தான் உறிஞ்சுகிறது. வெளிக்காற்றைப் பிடித்து, ஒரு குழாய் வழியே நேராக அதன் வாயில் கொண்டுபோய் விட்டால் வண்டி இருமாது.

மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, வளைத்து, ஈயம் பற்றவைத்துக் கண்ணுச்சாமி கூண்டு செய்து கொடுத்தார். நாலு திருகாணியில் பானட்டின் மேல் உட்கார்ந்தது. முன்பக்கம் பார்த்து ஒரு சாண் அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தது.

காரை ரயிலடியில் வாடகை வண்டிகள் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்ததும் முதலில் பார்த்தவன் பேயாண்டி. திருமங்கலம் பஸ்ஸின் டிரைவர். ஜெயக்கொடியின் தங்கை சோலையம்மாளைக் கட்டியவன்.

"என்ன மச்சான், காருக்கு மூக்கு வச்சுருக்க?"

"வைக்கிற எடத்துல வச்சாத்தான மாப்ள மூச்சு விடும்."

"சளி பிடிச்சா யாரு சிந்திவிடுறது? நீயா, கண்ணுச்சாமி அண்ணனா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் போன வாரம் கப்பலூர் பொட்டலில் இறங்கி நடந்தவர்கள். ஜெயக்கொடிக்குச் சுள்ளென்று ஏறியது.

"இன்னைக்குத் திருமங்கலம் சந்தைப்பேட்டை வரைக்கும் ஒரு எடத்துல இன்ஜின் அணையாது. பாப்பமா?"

"அணைஞ்சா?"

"மீசைய எடுத்துடுறேன்."

சிரிப்பு நின்றது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று ஜெயக்கொடிக்கே உறைத்தது. இரண்டு முனையும் கன்னம் ஏறி மேலே திரும்பிய மீசை அது. அவன் ஊர்ப்பக்கம் தகப்பன் செத்தால்தான் ஒருவன் மீசையை எடுப்பான். ஜெயக்கொடியின் தகப்பனார் கல்லுக்குண்டாக இருந்தார். அது போதாதென்று, அடுத்த வெள்ளிக்கிழமை பேயாண்டியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஊரே கூடியிருக்கும் பந்தலில் மீசை இல்லாத தாய்மாமன்!

"அணையலேன்னா நான் எடுத்துடுறேன்," என்றான் பேயாண்டி. அவனாலும் இனிமேல் பின்வாங்க முடியாது.

சாட்சிக்குக் காப்பிக் கடை காசிமாயன் காரில் ஏறிக்கொண்டான். இரண்டு பேருக்கும் பொதுவானவன். இரண்டு பேருக்குமே ரொம்ப நாளாகக் காப்பி ஆற்றிக் கொடுப்பவன். வழி நெடுக நின்று ஆள் ஏற்றிப் போக வேண்டிய பஸ்ஸும் அதே நேரத்துக்குக் கிளம்பியது.

திருப்பரங்குன்றம் வந்தது. வண்டி இருமவில்லை. மலை பின்னால் போனது. அப்போதும் இருமவில்லை. மூக்கு 'ஊ' என்று ஊதிக்கொண்டு வந்தது.

"என்னண்ணே இது, கோயில் சங்கு கணக்கா ஊதுது?" என்றான் காசிமாயன்.

"ஊதட்டும்டா. எம்புட்டு வேணாலும் ஊதட்டும்." ஜெயக்கொடி ஒரு கையால் மீசையைத் தடவிக்கொண்டான்.

தை மாதம். கப்பலூருக்கு முன்னால் தார் ரோட்டில் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். களம் தேடிப் போகாமல் ரோட்டில் போட்டுவிட்டால், போகிற வருகிற வண்டிச் சக்கரங்கள் மிதித்துக் கொடுத்துவிடும் என்பது அந்தப் பக்கத்துச் சம்சாரிகள் கண்டுகொண்ட வசதி. பஸ்ஸும் காரும் கட்டை வண்டியும் கூலியில்லாத ஆட்கள். டிரைவர்களும் கோபிப்பதில்லை, கொஞ்சம் வேகம் குறைத்து நன்றாக ஏற்றிவிட்டுப் போவார்கள். மிதிபட்டதை அள்ளி, ரோட்டோரம் முக்காலி மேல் ஏறி நின்று ஒரு பெண் சுளகால் தூற்றிக்கொண்டிருந்தாள். கொள்ளு காலடியில் கொட்டியது. சருகும் பொட்டு என்கிற உமியும் காற்றில் ஏறி ரோட்டுக்குக் குறுக்கே மஞ்சள் மேகமாகப் போய்க்கொண்டிருந்தன.

தினமும் பார்க்கிற காட்சி. அதனால் ஜெயக்கொடி அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. மூக்கு புதிது என்பதையும் யோசிக்கவில்லை. நேராக மேகத்துக்குள் விட்டான்.

'ஊ' என்ற சத்தம் 'உப்' என்று அடங்கியது. இன்ஜின் ஒரு தும்மல் போட்டது. பிறகு இன்னொன்று. கொள்ளுச் செடியின் நட்டநடுவில் வண்டி நின்றது.

காசிமாயன் ஜெயக்கொடியின் மேலுதட்டைப் பார்த்தான். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏய்யா, மிதிக்கச் சொன்னா மேல படுத்துக்கிட்டா எப்பிடி?" என்றாள் முக்காலி மேல் நின்றவள். அவள் பேர் மாயக்காள். கொள்ளு விளைந்த காடும் அவளுடையது, கொள்ளும் அவளுடையது. "தள்ளி ஓரங்கட்டு. பின்னால வார வண்டி மிதிக்க வேணாமா?"

ஜெயக்கொடி வண்டியை ஓரம் தள்ளிவிட்டுப் பானட்டைத் தூக்கினான். குழாயைக் கழற்றி உதறினால் ஒரு படி சருகு கொட்டியது. கார்புரேட்டரின் தொண்டையில் விரலை விட்டு நோண்டிக்கொண்டிருந்தபோது பஸ் வந்தது. பேயாண்டி வேகத்தைக் குறைத்து, கொள்ளு மேல் பொறுமையாக ஏற்றி, ஹாரனை அமுக்கிக்கொண்டே கடந்தான்.

"சளி பிடிச்சுக்கிருச்சா மச்சான்? நான் போய் நாவிதர்ட்டச் சொல்லி வைக்கிறேன்!"

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் சன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

மாயக்காள் இறங்கி வந்து கூண்டைப் பார்த்தாள். "இது எதுக்கு?"

"காத்து பிடிக்க."

"காத்துக்கு எதுக்க வாயப் பொளந்துக்கிட்டு வந்தா சருகுதான் வரும். நான் எந்தப் பக்கம் திரும்பி நின்னு தூத்துனேன், பாத்தியா? காத்துக்கு முதுகக் காட்டித்தான் நிக்கணும். இல்லேன்னா அம்புட்டும் கண்ணுலயும் வாயிலயும்தான். இது தெரியாமத்தான் காரு ஓட்டுறியாக்கும்?"

"முதுகக் காட்டுனா காத்து எப்பிடி ஆத்தா உள்ள வரும்?"

"ஏன், எனக்கு வரலையா? நான் என்ன மூச்சு விடாமயா நின்னேன்?"

ஜெயக்கொடியின் கண் முன்கண்ணாடியின் அடியில் போய் நின்றது. பானட் முடிந்து கண்ணாடி எழும்பும் அந்த மடிப்பில் சின்னச் சின்னப் பொட்டு கொஞ்சம் ஒதுங்கிக் கிடந்தது. பானட் மேல் ஏறி வருகிற காற்று கண்ணாடியில் முட்டி அங்கே திரும்புகிறது. கனமான சருகெல்லாம் கண்ணாடிக்கு மேலே பறந்துவிட்டது. ஆக, கண்ணாடியைப் பார்த்து வாய் வைத்தால் காற்றும் கிடைக்கும், சருகும் வராது.

நாலு திருகாணியையும் கழற்றினான். கூண்டை அப்படியே பின்பக்கமாகத் திருப்பி வைத்து முடுக்கினான். முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுழற்றியதும் இரண்டாம் சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"போறதுதான் போற, ஒருக்காப் பின்னால வந்து இன்னொருக்கா முன்னால போ," என்றாள் மாயக்காள். "சொல்லிக் குடுத்ததுக்கு மிதிச்சுக் குடு."

மிதித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

அதன்பிறகு அந்த வண்டி ஓடிய ஓட்டம், மலையை விட்டு இறங்கியதிலிருந்து அது ஓடாத ஓட்டம். உச்சி வெயில் அடித்தது, இருமல் இல்லை. திருமங்கலத்துக்கு ஒரு மைல் முன்னால் பஸ்ஸைப் பிடித்து முந்தினார்கள். பேயாண்டியின் ஹாரன் இந்தத் தடவை சத்தம் காட்டவில்லை.

சந்தைப்பேட்டையில் நிறுத்தியதும் காசிமாயன் மெதுவாக ஆரம்பித்தான். "அண்ணே, முந்தி வந்துட்டோம்ல. நான் வேணும்னா அதையே பெருசாச் சொல்லுறேன். மத்தத மழுப்பிப்புடலாம்."

"அணைஞ்சுச்சாடா, அணையலையா?"

"...அணைஞ்சுச்சு."

"அப்பறம் என்ன?"

வேப்பமரத்தடியில் நாவிதர் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். ஜெயக்கொடி போய் எதிரே உட்கார்ந்து, மீசையைக் காட்டினான்.

நாவிதர் பதறிப்போனார். "அடடா, அப்பாரு எப்பத் தவறுனாக?"

"அவரு நல்லா இருக்காரு. நீ எடு."

அவர் நம்பாமல் ஒருமுறை காசிமாயனைப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலால் இடது முனையை ஒரு விரற்கடை நறுக்கினார். கன்னத்தில் இருந்த சுருள் மண்ணில் விழுந்தது. கத்தியைத் தீட்ட ஆரம்பித்தபோது பஸ் வந்து நின்றது. பேயாண்டி குதித்து இறங்கினான். அவன் கார் பக்கம்தான் முதலில் ஓடினான். கூண்டைப் பார்த்தான், குனிந்து பார்த்தான், திரும்பி இருப்பதைத் தடவிப் பார்த்தான். அப்புறம்தான் மரத்தடியைப் பார்த்தான்.

"நிறுத்துய்யா கத்திய!"

"பந்தயம் பந்தயம்தான் மாப்ள."

"அந்தப் பந்தயத்தக் கொண்டு போய்க் கொளத்துல போடு. மீசையில்லாத மாமன் மடியில எம்மகள உக்கார வச்சா, உன் தங்கச்சி என்னைய வீட்டுக்குள்ள விடுவாளா? ஆயுசுக்கும் பஸ்ஸுலதான் படுத்துக் கெடக்கணும்."

"அத ரயிலடியிலயே யோசிச்சுருக்கணும்."

"நீயும்தான் யோசிக்கல." பேயாண்டி குரலைத் தாழ்த்தினான். "இந்த மூக்கப் பின்னால பாத்துத்தான் வைக்கணும்னு யாரு சொன்னா?"

"சொல்ல வேண்டியவுக சொன்னாக."

"என் பஸ்ஸும்தான் மச்சான் மூச்சு வாங்குது. வெளிய சொல்லிக்கல, அம்புட்டுத்தான். அதுக்கும் ஒண்ணு வச்சுக் குடு. அதுவரைக்கும் உன் மீசை எங்கிட்ட அடமானம்."

ஜெயக்கொடி சாட்சியைப் பார்த்தான். காசிமாயன் இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. "செல்லும்!" என்றான்.

வலது முனையையும் ஒரு விரற்கடை நறுக்கி நாவிதர் சமமாக்கினார்.

வெள்ளிக்கிழமை பந்தலுக்கு வெளியே பேயாண்டியின் பஸ் நின்றது. அதன் பானட் மேல் புத்தம்புதுத் தகரக் கூண்டு, கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. உள்ளே மாமன் மடியில் உட்கார்ந்த பிள்ளை ஊசியைப் பார்த்துவிட்டு, கைக்கு அகப்பட்டதைப் பிடித்துத் தொங்கியது. அகப்பட்டது மீசை.

சோலையம்மாள் குனிந்து பார்த்தாள். "என்னண்ணே, மீசை இம்புட்டுண்டு ஆயிருச்சு?"

ஜெயக்கொடி பேயாண்டியைப் பார்த்தான். பேயாண்டி வெற்றிலைத் தட்டை ஒழுங்குபடுத்துவதில் மும்முரமாக இருந்தான்.

"மொதல்ல காதக் குத்தச் சொல்லு தாயி," என்றான் ஜெயக்கொடி, கண்ணில் நீர் கட்ட. "மிச்சத்தையும் இவ பிடுங்குறதுக்குள்ள."