நாலாயிரத்தில் ஒன்று

"நாலு மணிக்கு எடுத்துடலாம்னு சொல்றாங்க. இன்னும் யாருக்காவது காத்திருக்கணுமா?" என்று பெரியப்பா மூன்றாவது முறையாகக் கேட்டபோது, பாப்பா வாசலில் நின்று பஸ் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா வரட்டும் பெரியப்பா."

"இருபத்திரண்டு வருஷமா இந்த வாசலை மிதிக்காதவன், இன்னைக்கு மட்டும் வந்துடுவானாக்கும்!"

"கிளம்பிட்டேன்னு சொன்னார். வருவார்."

முப்பத்தாறு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். உள்ளே கூடத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா பெட்டிக்குள் படுத்திருந்தார். விடிகாலையில் போய்விட்டார். நேற்று அவளிடம் ஒரு வேலை ஒப்படைத்திருந்தார். மாமாவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். "போன்ல வேண்டாம். என் பக்கத்துல நிக்க வச்சுச் சொல்லு. நான் கேக்கலைன்னாலும் பரவாயில்லை." பெட்டி கிளம்பிவிட்டால் அது நடக்காது. மணி மூன்று இருபது.

அப்பா ஸ்பிரிங் கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். பம்புக்குள் வால்வைத் தள்ளிப் பிடிக்கிற, விரல் நீளமுள்ள ஸ்பிரிங்குகள் அவரைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். உயரம் அளப்பது, அமுக்கிப் பார்ப்பது எல்லாம் எல்லாரும் செய்வதுதான். அவர் கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் கம்பியை வருடிக்கொண்டே போவார். கண்ணுக்குத் தப்பிய கீறல் நகத்தில் தட்டும். ஓயாமல் அமுங்கி எழுகிற ஸ்பிரிங், கீறல் உள்ள இடத்தில்தான் ஒரு நாள் பட்டென்று உடையும். அதனால் கம்பெனியில் அவர் பெயர் 'நகம்'. "நகம் வருதுடா" என்று குரல் வந்தால் போதும், சுருள் போடும் பிரிவில் டீ கிளாஸெல்லாம் மாயமாகிவிடும். அந்தப் பெயரை வைத்ததே மாமாதான். அம்மாவின் தம்பி. அங்கே சுருள் மெஷின் ஓட்டியவர்.

அடேயப்பா, அதெல்லாம் ஒரு காலம்! ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மாமா வந்துவிடுவார். ஒரு தடவை எல்லாருமாக ஸ்பிரிங் மெத்தை வாங்கப் போனார்கள். அப்பா ஒவ்வொரு மெத்தையாக முழங்கையால் அமுக்கி, காதை வைத்துக் கேட்டு, முகத்தைச் சுளித்தார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், இது படுக்கிறதுக்கு" என்றார். "இதோ படுத்தாச்சு!" என்று மாமா நடுமெத்தையில் விழுந்து, நிஜமாகவே குறட்டை விட்டார். அம்மா சிரித்துச் சிரித்துக் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா அப்படிச் சிரித்ததை அதற்கப்புறம் பாப்பா பார்க்கவில்லை.

அவளுக்குப் பதினாலு வயதிருக்கும்போது, மாமா ஓட்டிய நாலாயிரம் ஸ்பிரிங்குகளை அப்பா தேறாது என்று மொத்தமாக ஒதுக்கிவிட்டார். நகம் தட்டுகிறது என்றார். மேனேஜர் லென்ஸ் வைத்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. "மச்சான் மேல ஏதாவது கோபமா?" என்று கூடக் கேட்டுப் பார்த்தார். அப்பா அசைந்து கொடுக்கவில்லை. நாலாயிரமும் நசுக்கப்பட்டன. மாமாவுக்கு வரவேண்டிய போர்மேன் வேலை இன்னொருவருக்குப் போனது. மாமா வேலையை விட்டுவிட்டு, சமையலறை வாசலில் வந்து நின்று, "என் கையை நம்பாத வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டு ஊரை விட்டே போனார்.

அந்த நாலாயிரத்தில் ஒன்றை மட்டும் அப்பா நசுக்காமல் எடுத்து வைத்திருந்தார். விதிப்படி அது தப்பு. வேறு யாராவது செய்திருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார். போன மாதம் படுக்கையில் விழுந்ததும், அதே கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கும் பாப்பாவிடம் அதைக் கொடுத்தார்.

"மெஷின்ல மாட்டும்மா. இருபது லட்சம் தடவை அமுக்கட்டும். பார்ப்போம்."

நிமிஷத்துக்கு அறுபது தடவை வீதம், இருபத்து நாலு நாள் ஓடியது. தினமும் சாயங்காலம் அப்பா கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போல எண்ணிக்கை கேட்பார். நேற்று இருபது லட்சம் தாண்டியது. ஸ்பிரிங் உடையவில்லை. இதை எப்படி அவரிடம் சொல்வது என்று பாப்பா வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் தவித்தாள். ஆனால் அவரிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"உடையலப்பா."

"உயரம் குறைஞ்சிருக்கா?"

"இல்லப்பா. மாட்டினப்போ இருந்த அதே உயரம்."

அப்பா சிரித்தார். இருமல் வந்து தொண்டையை அடைக்கும் வரை சிரித்தார். "பாத்தியா அவன் கையை! நான்தான் தப்புப் பண்ணிட்டேன்னு அவன்கிட்ட சொல்லணும்" என்றார். அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் அவள் எதிர்பார்க்கவே இல்லை.

மூன்று ஐம்பதுக்கு மாமா வந்தார். தலை முழுக்க நரைத்து, கையில் ஒரு துண்டும் செருப்புமாக, வேற்று வீட்டுக்கு வந்தவர் மாதிரி வாசலிலேயே தயங்கினார். அம்மா எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "வாடா" என்றாள்.

பாப்பா அவரைப் பெட்டியருகே நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னாள். இருபது லட்சத்தைச் சொன்னாள். "'நான்தான் தப்பு'ன்னு அப்பா சொல்லச் சொன்னார், மாமா."

மாமாவின் கண் அப்பாவின் கட்டைவிரலுக்குப் போனது.

"இல்ல பாப்பா. அவர் அன்னைக்குச் சொன்னதுதான் சரி. மெஷினுக்குள்ள கம்பியை விடுற கைடு தேஞ்சு போய் கம்பியைக் கீறிக்கிட்டே இருந்தது. காலையிலேயே பார்த்துட்டேன். மெஷினை நிறுத்தினா எண்ணிக்கை குறையும், போர்மேன் ஆக முடியாதுன்னு ஓட்டிட்டேன்."

"அப்போ எதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனீங்க?"

"மாட்டிக்கிட்டவனுக்குத்தானே கோவம் ஜாஸ்தி வரும்."

பாப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடத்தில் இத்தனை பேர் இருக்கிறார்களே என்றும் பார்க்கவில்லை. "ஒரு போன் போட்டுச் சொல்ல முடியலையா மாமா? தான்தான் தப்புன்னு நினைச்சுக்கிட்டே அப்பா போயிட்டார்!"

மாமா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "ஒரே ஒரு ஸ்பிரிங் தாங்கினதை வச்சு, நாலாயிரமும் சரின்னு அத்தான் கையெழுத்துப் போட்டு நீ பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. ஒன்று போதாதே என்று நேற்றே சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார் என்பதால் விழுங்கிவிட்டாள். இப்போது அவளுக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

"நேரமாச்சு, தூக்குங்கப்பா" என்றார் பெரியப்பா.

தலைமாட்டில் வலப்பக்கம் போய் மாமா தோள் கொடுத்தார். மற்ற மூவரும் நெட்டை ஆட்கள். பெட்டி அவர் பக்கமாகச் சரிந்தது. "நீங்க விடுங்க, வேற ஆள் பிடிக்கட்டும்" என்று யாரோ சொன்னார்கள். மாமா காதில் வாங்கவில்லை. பெட்டியை இறக்கச் சொல்லி, கையிலிருந்த துண்டை நாலாக மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு, மறுபடி தூக்கினார்.

பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பெட்டியின் விளிம்பைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு மடிப்பு, மாமா" என்றாள்.

அவர் மடித்து வைத்துக்கொண்டார்.