மூலையில் ஒரு கீறல்

"ஒண்ணுமே வரலம்மா," என்றார் பிரிவுத் தலைவர். சொல்லும்போது முகத்தில் அப்படியொரு திருப்தி. எந்த ஆராய்ச்சியையும் பாதியில் வெட்டிவிடுவதால் ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கத்திரிக்கோல் என்று பெயர். வைத்தவள் நான்தான்.

திரையில் சமிக்ஞையைக் காட்டும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. என் ஆறு வருட உழைப்பு அது. அகச்சிவப்பு ஒளியை உணரும், விரல்நகம் அளவுச் சதுரச் சில்லு. அதன்மேல் லட்சக்கணக்கில் தங்கக் கம்பிகள், எல்லாம் ஒரே திசையில். ஒரு தலைமுடியின் குறுக்கே எழுபது கம்பிகளை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு பொடி. மாடியில் நிற்கும் ஆன்டெனா வானொலி அலையைப் பிடிப்பதுபோல இவை ஒளியைப் பிடித்துச் சில்லுக்குக் கொடுக்க வேண்டும்.

அவர் ஒரு தாளை நகர்த்தினார். 'ஆன்டெனாவால் பயனில்லை. பணி கைவிடப்படுகிறது.'

"கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டேன்."

"அளந்தது உங்க அண்ணிதானே? அவங்களையே நம்ப மாட்டீங்களா?"

என் அண்ணன் மனைவிதான் இங்கே அளவீடு பார்ப்பவர். கோபம் தலைக்கேற, கருவியருகே நின்ற அவர் பக்கம் திரும்பினேன்.

"சில்லை எப்படி வெச்சீங்க அண்ணி? லேசர் ஒளி மேலும் கீழுமா ஆடுது. கம்பியும் நிமிர்ந்து நிக்கணும். படுத்திருந்தா ஒரு துளி வராது!"

"எனக்கே பாடமா?" என்றார் அண்ணி. "கம்பி எந்தத் திசைன்னு காட்ட நீ கீறி வெச்ச மூலை இடது பக்கம் மேல வரணும். அப்படித்தான் வெச்சேன். எப்பவும்போல."

"அப்ப அளவீட்டுப் பிழைன்னு எழுதிடலாமா?" கத்திரிக்கோல் பேனாவைத் திறந்தார். "உங்க அண்ணி பேர்ல?"

நான் இடுக்கியால் சில்லைப் பிடுங்கி நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். வைர முனையால் நானே போட்ட கீறல். அது இருக்க வேண்டிய மூலையில் இல்லை, பக்கத்து மூலையில் இருந்தது. கீறிய அன்று இதே மனிதரோடு தொலைபேசியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

சீ என்று இருந்தது. அண்ணியின் முகத்தைப் பார்க்கவே கூசியது. சொன்னால் கத்திரிக்கோல் ஆயுளுக்கும் குத்திக்காட்டுவார். காட்டட்டுமே!

"அண்ணி மேல தப்பில்ல. மூலையை மாத்திக் கீறினது நான்."

"அப்பாடா, ஒரு வழியா ஒத்துக்கிட்டீங்க."

"ஒத்துக்கிட்டேன். இப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அண்ணி என் கையிலிருந்த இடுக்கியை வாங்கிக்கொண்டார். "கத்துறதுக்கு முன்னாடி கண்ணைத் திறந்து பாரு," என்று மட்டும் முணுமுணுத்தார். சில்லைக் கால் வட்டம் திருப்பி வைத்து லேசரைப் போட்டார்.

கோடு எழுந்தது. எழுந்து திரையின் மேல் விளிம்பையும் தாண்டிப் போனது. அண்ணி திரையின் அளவுகோலை மாற்றிவிட்டு, "ஆன்டெனா இல்லாத சில்லைவிட ஒன்பது மடங்கு," என்றார்.

கத்திரிக்கோல் திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "அறிக்கையில உங்க தப்பும் வரும். தெரியும்ல?"

"வரட்டும். என் பேரைப் பெரிசாவே எழுதுங்க." அவருடைய தாளைக் கிழித்துவிட்டு வெள்ளைத் தாள் ஒன்றை அவர் முன்னால் வைத்தேன். "பக்கத்துலயே அந்த ஒன்பதையும் எழுதுங்க. அப்புறம் போடறேன் கையெழுத்து."

அவர் எழுதி முடிக்கும்வரை நானும் அண்ணியும் நகரவில்லை.