ஒரு நோயும் இல்லாத பாஸ்கல் சார்

2022 பிப்ரவரியில் கல்லூரி திறந்தபோது எங்கள் ஸ்டாஃப் ரூமில் நோய்க்குத் திடீர் மரியாதை வந்துவிட்டது. அறுபது தாண்டியவர்களுக்குப் பூஸ்டர் ஊசி உண்டு, ஆனால் சுகரோ பிரஷரோ ஏதாவது ஒரு இணை நோய் இருக்க வேண்டும். இதுதான் அப்போதைய விதி. அதுவரை சுகரை ஜாதக தோஷம் மாதிரி மறைத்து வைத்திருந்தவர்கள் எல்லாம் மாத்திரைப் பட்டையை மேசையில் எடுத்துப் போட்டு, "எனக்கு முந்நூறு தெரியும்லா?" என்று நெஞ்சை நிமிர்த்தினார்கள். நான் வணிகவியல் துறை. அறுபதுக்கு வெகுதூரம். எனக்கு ஊசியும் கிடையாது, இந்தப் பீற்றலைக் கேட்கிற பொறுமையும் கிடையாது.

மாட்டிக்கொண்டவர் வேதியியல் பாஸ்கல் சார். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் சுயநிதிப் பிரிவில் பாடம் எடுக்கிறவர். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததில்லை என்பது அவருடைய பெருமை. ஒரு மாத்திரை கிடையாது, கண்ணாடிகூடக் கிடையாது. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது.

ஆனால் ஜனவரியில் அவருக்குப் பேத்தி பிறந்தாள். மகள் ஜெப்ஸி கறாராகச் சொல்லிவிட்டாள்: "பூஸ்டர் போட்டுட்டு வாங்க டாடி. அதுக்கப்புறம் பிள்ளையத் தூக்கலாம்." முந்தைய ஆண்டு மே மாதம்தான், கொரோனா இரண்டாவது அலையில், சார் மனைவி அமலோற்பவம் இறந்துபோனார். அதனால் மகளோடு வாதாட இவருக்கு வாய் வரவில்லை. தினமும் சாயங்காலம் மகள் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவள் ஜன்னலுக்குள்ளிருந்து பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள். ஜெயிலில் மனு போட்டுப் பார்க்க வந்தவர் மாதிரி கையசைத்துவிட்டுத் திரும்புவார்.

அடுத்த வாரம் கல்லூரியிலேயே ஊசி முகாம் என்று அறிவிப்பு வந்தது. சார் அவசரமாக ஒரு நோய் தேட ஆரம்பித்தார்.

ஸ்டாஃப் ரூமே சேர்ந்து உதவியது. பிரஷருக்கு ஒருவர் கருவாட்டுப் பொரியல் கொண்டுவந்தார். இன்னொருவர் எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில். சுகருக்குத் தித்திக்கிற மக்ரூன். தமிழ்த்துறை மாரிச்செல்வம் அண்ணாச்சிக்கு இரண்டு நோயும் உண்டு, ஊசி உறுதி. அவர் தினமும் ராத்திரி சாரைப் பொரிச்ச பரோட்டா கடைக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்திலிருந்து ஊட்டாத குறை. "மகாராசனா சாப்பிடுங்க சார். எனக்கெல்லாம் இப்படித்தான் வந்துச்சு" என்று ஆசீர்வதித்தார்.

முகாம் அன்று துணைக்கு நானும் போனேன். டாக்டர் சந்தனச்செல்வி சின்னப் பெண். பிரஷர் பட்டையைச் சாரின் கையில் சுற்றி அமுக்கினாள்.

"நூத்தி இருபதுக்கு எம்பது."

"இன்னொரு தடவ பாரும்மா. மிஷின்ல கோளாறு இருக்கும்."

மறுபடியும் அதே. விரலில் குத்திச் சுகர் பார்த்தாள். தொண்ணூற்றாறு. ஒரு வாரம் மக்ரூன் தின்ற மனிதனுக்கு! எனக்கே வயிறு எரிந்தது.

"கொஞ்சங்கூட இல்லையாம்மா? பார்டர்லயாவது?" சார் கெஞ்சினார்.

"சார், இந்த வயசுல இப்படி இருக்கணும்னு ஜனங்க கோயில் கோயிலா நேந்துக்கிட்டு அலையுதாங்க. நீங்க என்னன்னா அழுவுதீங்க."

மாரிச்செல்வம் அண்ணாச்சி சாரின் காதில், "வேற ஊர் முகாமுக்குப் போயி சுகர் இருக்குன்னு வாயால சொல்லுங்க. யாரு பாக்கப் போறா?" என்றார். சார் அவரை ஒரு பார்வை பார்த்தார். வருகைப் பதிவு குறைந்த பிள்ளைகள் நீட்டிய பொய் மெடிக்கல் சர்டிபிகேட்டை எல்லாம் முகத்துக்கு நேரே கிழித்துப் போட்டவர் சார். "அது ஆகாது அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார்.

வாசலுக்கு வந்ததும் அவர் கால் நகரவில்லை. இத்தனை வருஷம் எரிச்சலூட்டிய மனிதர்தான், ஆனால் அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என் ஸ்கூட்டியில் ஏற்றி மகள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வழக்கம்போல கேட்டுக்கு வெளியே நின்றார். ஜெப்ஸி முற்றத்துக்கு வந்தாள்.

"என்ன சொன்னாங்க டாடி?"

"ஊசி இல்லன்னுட்டாங்க, ஜெப்ஸி. எனக்கு ஒரு நோயும் இல்லையாம்." பரீட்சையில் தோற்றவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சுகர் பாத்தாங்களா? நிஜமா ஊசியால குத்திப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"பிரஷர்?"

"ரெண்டு தடவ."

அவள் என் பக்கம் திரும்பினாள். "மேடம், நீங்க கூட இருந்தீங்களா? டாடி சொல்லுதது உண்மையா?"

"பக்கத்துலதான் நின்னேன். உங்க டாடிக்கு ஒரு கேடும் இல்ல. எனக்குத்தான் அவரப் பாத்துப் பாத்து பிரஷர் ஏறிட்டு."

நான் எதிர்பார்த்தது சிரிப்பு. ஜெப்ஸி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மாவும் எனக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க. ஆஸ்பத்திரில சேத்த அன்னிக்குத்தான் சுகர் நானூறுன்னு தெரிஞ்சுது. நீங்களும் அதையேதான சொல்லிட்டுத் திரிஞ்சீங்க? சும்மா டாக்டர்ட்ட போங்கன்னா போவீங்களா டாடி? ஊசின்னா எல்லாத்தையும் பாப்பாங்கன்னுதான் பிள்ளையத் தராம பிடிச்சு வச்சுக்கிட்டேன்."

கம்பிமேல் இருந்த அவள் கையைத் தொடப் போன சார், கழுவாத கை என்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஊசி எப்பத் தாராங்களோ அப்பப் போட்டுக்கலாம். மாஸ்க்க நல்லா இழுத்து விடுங்க. கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு உள்ள வாங்க."

கழுவினார். மறுபடியும் கழுவினார். நாற்காலியில் அவரை உட்காரவைத்து, ஜெப்ஸி பிள்ளையை மடியில் கிடத்தினாள். அது கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தபடியே சிலையாகிவிட்டார். முகம் சிவந்தது, நெற்றி நரம்பு புடைத்தது, கண்ணிலிருந்து நீர் மாஸ்க்குக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சங்கு குளிக்கக் கடலுக்குள் இறங்கியவர் மாதிரி, தன் காற்று பிள்ளைமேல் பட்டுவிடக் கூடாதென்று தம் பிடித்துக்கொண்டு இருக்கிறார் என்பது எனக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஜெப்ஸி அவர் முதுகில் கை வைத்தாள்.

"டாடி, மூச்சு விடுங்க."