பேர் சொல்லிக் கூப்பிட்ட குரல்

கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் என் வீட்டுக்காரர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'இந்தா' என்பார், மகள் பிறந்த பிறகு 'காவ்யா அம்மா' என்பார். விஜயபுரம் பக்கம் எங்கள் ஜனங்களில் அப்படித்தான். காஞ்சனா என்கிற பேர் ரேஷன் கார்டிலும் பேங்க் புத்தகத்திலும் சும்மா கிடக்கிறது.

அவர் குவைத்துக்குப் போய் மூன்று வருஷம். வெள்ளிக்கிழமை போன் வரும். கடலை என்ன விலை, காவ்யா படிக்கிறாளா, மழை உண்டா. பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒரே ஒரு தரம் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாரா என்று மனசு ஏங்கும். வாய் விட்டுக் கேட்க வெட்கம். இந்த வயசில் உனக்கு இது ஒரு கேடா என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

போன செவ்வாய்க்கிழமை கடலை உரித்துக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"காஞ்சனா, நான்தான்."

அவர் குரல். அதே கரகரப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பாஸ்போர்ட் தகராறில் பிடித்துவைத்திருக்கிறார்களாம், அவர் போனைப் பிடுங்கிக்கொண்டார்களாம், இது அங்கே ஒரு ஆபீசர் போனாம். என் போனுக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொன்னால் அபராதம் கட்டி வெளியே வந்துவிடலாமாம். சொல்லி முடிப்பதற்குள் மெசேஜ் வந்தது. வீடு கட்ட அவர் அனுப்பிய பணம் முழுக்க அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. முதல் எண் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"சீக்கிரம் சொல்லு, காஞ்சனா."

அப்போதுதான் உறைத்தது. உயிரே போனாலும் அந்த மனுஷன் 'காவ்யா அம்மா' என்றுதான் கத்துவார்.

சத்தியமாகச் சொல்கிறேன், உடனே நான் போனை வைக்கவில்லை. திருட்டு நாய் என்று தெரிந்தும், இன்னொரு தரம் சொல்லட்டும் என்று காதிலேயே வைத்திருந்தேன். சொன்னான். அதற்கப்புறம்தான் வைத்தேன்.

அவருடைய வழக்கமான நம்பருக்குப் போட்டேன். வேலை செய்யும் இடத்தில் பத்திரமாக இருந்தார். பிறகு சைபர் போலீசின் 1930 நம்பருக்குப் புகார் சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர் வீடியோ ஏதாவது போடுவாரா என்று கேட்டார்கள். சமையல் வீடியோ போடுவார் என்றேன். குரலை அதிலிருந்து எடுத்து, கம்ப்யூட்டரில் அதே மாதிரி பேசவைத்திருப்பான் என்றார்கள்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார்.

"பேர் சொல்லி கூப்ட்டான். நம்ம வீட்ல அது ஏது?"

இப்போதாவது என் பேரைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நல்லதா போச்சு, காவ்யா அம்மா. இனிமே அதையே அடையாளமா வெச்சிக்கலாம். நான் ஒருநாளும் உன்ன பேர் சொல்லி கூப்ட மாட்டேன். எவனாவது கூப்ட்டா திருடன்னு போனை வெச்சிடு. இன்னா, சரியா?"

நல்ல யோசனைதான். சரி என்றேன்.