மறுபடியும் முதல் நாள்

1

மாலை வகுப்பில் கிடைத்த ஒரு பதில்தான் இந்தக் கதைக்குக் காரணம். இதை எழுதுகிறவள் பகலில் ஓர் அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிறாள்; மாலையில் இரத்தப் பரிசோதனை படிக்கிறாள். அன்று ஆசிரியர் பலகையில் வட்டங்களும் அம்புகளும் வரைந்தார். கிருமி வந்தால் ஒரு செல் இன்னொன்றுக்குச் சேதி அனுப்பும். சேதி மூளைக்கு எட்டினால் உடம்பு கொதிக்கும். சில குழந்தைகளுக்கு அந்தச் சேதி நிற்பதே இல்லை. காவலுக்கு வந்த செல்களே இரத்தக்குழாய்ச் சுவரை அரிக்கும், இதயத்தின் குழாயையும்கூட.

"நடுவுல ஒரு மத்தியானம் காய்ச்சல் விட்டா, சேதி நின்னுடுச்சுன்னு அர்த்தமா சார்?"

"அது மாத்திரை செஞ்ச வேலைம்மா. உள்ள ஓடுறது ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

அவள் அதை எழுதி, அடியில் கோடு போட்டாள். (எல்லாவற்றுக்கும் கோடு போடுவாள். அதுவும் கதைக்கு வேண்டும்.)

2

தொடக்கம்: "நாலு வயதுப் பட்டாணியின் கண்கள் சிவந்து, உதடு வெடித்து..." அடித்தாயிற்று. படிக்கிறவரை அழவைக்க இவளுக்கு என்ன உரிமை?

இன்னொன்று: "ரொம்பக் கவனமான ஓர் அத்தை இருந்தாள்." இது இருக்கட்டும்.

பட்டாணி, அண்ணன் மகள். அண்ணனுக்கு வெளியூரில் வேலை. அண்ணி வேலைக்குப் போகும்போது காய்ச்சலைப் பார்த்துக்கொண்டது அத்தைதான். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டர், சுட்டால் மாத்திரை, உடனே நோட்டு.

"நம்ம வீட்ல காய்ச்சலுக்குக்கூட ஃபைல் இருக்குடி," என்று சிரிப்பாள் அண்ணி.

ஐந்தாம் நாள் மத்தியானம் காய்ச்சல் விட்டது. பட்டாணி எழுந்து உட்கார்ந்து, "என் நாக்கைப் பாரு அத்தை, ஜாம் தின்ன மாதிரி!" என்றாள். இருட்டுவதற்குள் மறுபடி கொதித்தது. போன காய்ச்சல் வேறு, வந்தது வேறு என்று நினைத்துக்கொண்டாள் அத்தை. மறுநாள் காலை புதுப் பக்கம் திருப்பி, கோடு போட்டு, "முதல் நாள்" என்று எழுதினாள்.

3

"எத்தனை நாளா காய்ச்சல்?" என்றார் டாக்டர்.

"ஒரு வாரமா..." என்று அண்ணி ஆரம்பித்தாள்.

"இல்ல அண்ணி, அது வேற. இது ரெண்டாவது நாள்தான். எழுதி வச்சிருக்கேன்."

டாக்டர் அவள் நீட்டிய அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தார். "வீட்டுக்கு ஒருத்தர் இப்படி இருந்தா எங்க பாடு பாதி குறையும். அஞ்சு நாள் தாண்டினா உடனே கூட்டிட்டு வாங்க."

நோட்டுப்படி ஆறாம் நாள் போனார்கள்.

1

பெரிய டாக்டர் நோட்டை முதலிலிருந்து புரட்டி, விரல்விட்டு எண்ணினார். "பதினொன்னு." பத்து நாளுக்குள் ஏற்ற வேண்டிய மருந்தாம். அன்றைக்கே ஏற்றினார்கள், காய்ச்சல் அடங்கியது. அதற்குள் இதயக் குழாய் ஒன்று வீங்கிவிட்டிருந்தது.

"யார் எழுதினது இது?"

அத்தை வாயைத் திறப்பதற்குள்... (பொய். திறக்கவே இல்லை.)

"நான்தான் டாக்டர்," என்றாள் அண்ணி, ஊரிலிருந்து ஓடிவந்திருந்த அண்ணன் முன்னால். பிறகு படிக்கட்டில், "நீ இனிமேதான் படிக்கப் போறவ. எனக்கே இருக்கட்டும், விடு."

மூன்று வருடமாக, ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்னாலும் அண்ணன் அண்ணியிடம் சொல்கிறான்: "எண்ணத் தெரியாதவ கையில பிள்ளையை விட்டுட்டுப் போனேன் பாரு." அத்தை பாத்திரம் கழுவுகிறாள்.

(இந்தப் பகுதியின் எண் நான்கு. ஒன்று என்று போட்டிருக்கிறது. உங்களிடம் முன்பக்கங்கள் இருக்கின்றன. முதல் டாக்டரிடம் இல்லை.)

5

இன்று ஞாயிறு. நாளைக்கு ஸ்கேன். ஏழு வயதுப் பட்டாணி அலமாரியைக் குடைந்து நோட்டோடு வந்து நிற்கிறாள்.

"அத்தை, இது அம்மா எழுதினதுன்னு அப்பா சொன்னாரு. அம்மா இப்படிக் கோடு போட மாட்டாங்களே?"

பக்கத்து அறையில் அண்ணனின் குரல் ஏறுகிறது. அண்ணியின் குரல் கேட்கவில்லை.

ஒரு முடிவு: "அம்மாதான்டி. அப்ப அப்படிப் போட்டிருப்பாங்க."

இன்னொரு முடிவு: அத்தை நோட்டை வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு...

இதை முழுதாக எழுதினால் நடந்துவிட்டது போலவே இருக்கும். போகாமலே தப்பித்துவிடுவாள். அதனால் எழுதப் போவதில்லை.

"சொல்லு அத்தை."

இதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தால், அவள் நாற்காலியை விட்டு எழவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.