வர்றேன் சொல்லக் கூடாத வீடு

நல்லையா காலால் பிறந்தவன். மற்றவர்கள் எல்லாம் தலையை முன்னே விட்டு உலகத்துக்கு வர, அவன் மட்டும் இரண்டு காலையும் முன்னே நீட்டிக்கொண்டு வந்தான். அதற்குக் காரணமும் இருந்தது. அவன் ஆத்தாள் அவனை வயிற்றில் வைத்துக்கொண்டு, தோட்ட வேலைக்காகக் கடல் தாண்டி வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவள். தம்புள்ளைக்கு வந்து சேர்ந்தபோது வயிற்றுக்குள் இருந்த பிள்ளைக்கும் நடந்து நடந்து பழகிப் போயிருந்தது. அங்கே ஒரு மரத்தடியில் அது நடந்தே வெளியே வந்தது. பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை என்பதால் இதில் சந்தேகப்பட இடமில்லை.

காலால் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மாத்தளைக்கு மேலே அவன் வேலை பார்த்த ஒத்தப்பாறைத் தேயிலைத் தோட்டமோ நிமிர்ந்து நிற்க ஒரு சாண் சமதரை இல்லாத மலை. கூடை சுமந்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், தேயிலைச் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டியவர்கள் என்று முதுகு பிடிக்காத ஆள் அங்கே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல் லயத்து வரிசை வீடுகளில் கடைசியாக இருந்த நல்லையாவின் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அவர்கள் வளைந்து வளைந்து வந்தார்கள். வாசலில் சாக்கை விரித்து, தலை உள்ளே இருக்கும்படி குப்புறப் படுப்பார்கள். நல்லையா இடது குதிகாலை முதுகுத்தண்டின் மேல் வைத்து மெல்லத் தடவிக்கொண்டு போவான். வலி இருக்கும் இடம் வந்ததும் குதிகாலுக்குத் தெரிந்துவிடும். ஓர் அழுத்து, ஒரு சின்ன உதை. வளைந்து வந்தவர் நிமிர்ந்து போவார்.

இதற்கு ஆத்தாள் சில சட்டங்கள் வகுத்துவிட்டுச் செத்துப்போனாள். கூலி வாங்கக் கூடாது. வைத்தியத்துக்கு வந்தவர் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, போகும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லவே கூடாது. அப்படிச் சொன்னால் வலி அதைத் தனக்குக் கொடுத்த வாக்காக எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடும்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அந்த வீட்டுக்கு வைத்தியத்துக்கு வந்தவர்களைத் தவிர வேறு யாரும் வந்ததில்லை. நாற்பதைத் தாண்டியும் நல்லையாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டுப் போன இடத்தில் எல்லாம் தகப்பன்மார்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்தார்கள். தூக்கத்தில் ஓர் உதை விட்டால் பெண் போய் எந்தத் தோட்டத்தில் விழுவாள் என்று யோசித்துவிட்டு, வேறு இடம் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் இரண்டு கோப்பைத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பான். ஆட்கள் வருவார்கள், நிமிர்வார்கள், ஒரு வார்த்தை பேசாமல் போவார்கள். மத்தியானத்துக்கு மேல் இரண்டு கோப்பையையும் அவனே குடிப்பான்.

அவன் கால் பெரிய கால் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. யட்டவத்த ஊர் ஜுனைதீன் பொதிமாட்டில் உப்பும் துணியும் ஏற்றி, மலைக்கு அந்தப் பக்கத்துப் பல்லேகமவுக்குப் போய், மிளகும் ஏலக்காயும் ஏற்றித் திரும்புகிறவர். ஒருநாள் அவருடைய மாடு பாதை திரும்பும் ஒத்தப்பாறை முடக்கில் முதுகு பிடித்துப் படுத்துவிட்டது. நல்லையா வந்து ஒரு தட்டுத் தட்டினான். மாடு எழுந்து போன வேகத்தில், ஜுனைதீன் சாரத்தை இறுக்கிக் கட்டி முடிப்பதற்குள் அது பல்லேகமவில் உப்பை இறக்கி வைத்துவிட்டு நின்றதாம். உப்பை வாங்கிய கடைக்காரர் இதை மறுக்கவில்லை.

தோட்டத்துத் துரைக்கும் ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்து பிடித்துக்கொண்டது. கூலிக்காரன் முன்னால் குப்புறப் படுக்க மனம் வரவில்லை. ஆகவே பங்களா ஜன்னல் வழியே முதுகை மட்டும் வெளியே அனுப்பினார். சரியானதும் முதுகு உள்ளே போனது, ஜன்னல் சாத்திக்கொண்டது. ஆத்தாளின் சட்டத்தை யாரும் சொல்லிக் கொடுக்காமலே சுத்தமாகக் கடைப்பிடித்தவர் துரை ஒருவர்தான்.

ஒரு வருஷம் ஐப்பசி மழையில் கிருஷ்ணம்மா வழுக்கி விழுந்தாள். இரத்தோட்டைப் பக்கமிருந்து தேயிலை பறிக்கப் புதிதாக வந்திருந்த கொழுந்துக்காரி, புருஷன் இல்லாதவள். நிறைந்த கூடையோடு விழுந்தும் ஒரு கொழுந்து சிந்தவில்லை. முதுகு மட்டும் பிடித்துக்கொண்டது. சிந்தாத கொழுந்துக்காகக் கங்காணி அவளைப் பாராட்டினார். முதுகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மற்றவர்கள் சாக்கில் படுத்தால் முனகுவார்கள். கிருஷ்ணம்மா பேசினாள். மழையைப் பற்றி, அட்டையைப் பற்றி, கங்காணியின் மீசையைப் பற்றித் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். படுத்த இடத்திலிருந்து அடுப்படி தெரிந்தது.

"இந்தாங்க, ரெண்டு கோப்ப கெடக்கே. வீட்ல வேற யாரு?"

"யாரும் இல்ல."

"அப்ப இன்னொண்ணு எதுக்கு?"

"ஒண்ணு ஒடஞ்சிட்டா இருக்கட்டும்னு."

"தகரக் கோப்ப எப்பிடி ஒடயும்?"

நல்லையா குதிகாலை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினான். அவள் அவனை அண்ணே என்று கூப்பிடவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டான்.

பிறகு அவள் தன் மகளைப் பற்றிச் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

"எம்மக மாரியாயி பல்லேகமப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துல இருக்கா. தலப்பிரசவம். தை கடைசியில ஆயிரும். மாமியாக்காரி கெடையாது, ஒத்தாசைக்கு ஒரு பொம்பள கெடையாது. நா போயி நின்னாத்தான் உண்டு. மலை ஏறி எறங்கணும். இந்த இடுப்ப வச்சுக்கிட்டு லயத்துப் படிகூட எறங்க முடியல."

போனால் அங்கேயே தங்கி ஏலக்காய் பறிக்கப் போவதாகவும் சொன்னாள். இங்கே தனக்கு யார் இருக்கிறார்கள் என்றாள்.

நல்லையாவின் குதிகால் வலியைக் கண்டுபிடித்துவிட்டது. ஒரு ரொட்டி அளவு இருந்தது. ஓங்கி ஓர் உதை விட்டால் மொத்தமும் போய்விடும். வலி போனால் அவளும் போய்விடுவாள், ஒரு வார்த்தை சொல்லாமல். அவன் ஓங்கிய காலைப் பாதி வழியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டான்.

அவள் எழுந்து இடுப்பை ஆட்டிப் பார்த்தாள். முக்கால்வாசி போய்விட்டது, மிச்சம் இருக்கிறது என்றாள். நல்லையா சுவரைப் பார்த்துக்கொண்டு, அடுத்த ஞாயிறும் வந்தால்தான் சரியாகும் என்றான்.

அடுத்த ஞாயிறு ரொட்டி வெற்றிலை ஆனது. அதற்கடுத்த ஞாயிறு வெற்றிலை கொட்டைப்பாக்கு ஆனது. அதோடு நின்றுவிட்டது. அந்தப் பாக்கை மட்டும் நல்லையா விட்டுவைத்தான். கார்த்திகை போனது, மார்கழியும் பாதி போனது. ஞாயிறுதோறும் கிருஷ்ணம்மா வந்தாள், படுத்தாள், பேசினாள். கங்காணியின் மீசையில் ஒரு கொழுந்துப் பூச்சி குடும்பம் நடத்துவதாகச் சொன்னபோது நல்லையா சிரித்தான். அந்தக் காம்பராவில் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பாக்கு என்பது பார்ப்பதற்குத்தான் சின்னது. மார்கழிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, கவ்வாத்து மலையிலிருந்து இறங்கி வந்த நல்லையா ஒத்தப்பாறை முடக்கில் கிருஷ்ணம்மாவைக் கண்டான். தலையில் ஒரு மூட்டை. மகளுக்காகச் சேர்த்த பழைய சேலைத் துணியும் பெருங்காயமும் கருப்பட்டியும் அதில் இருந்தன. வலியோடு வலியாகப் போய்விடலாம் என்று விடியலில் புறப்பட்டிருக்கிறாள். ஆற்றைத் தாண்டி முதல் ஏற்றத்திலேயே இடுப்பு பூட்டிக்கொண்டது. ஒரு கையை முழங்காலிலும் மறு கையை மூட்டையிலும் வைத்து, கல்லுக்குக் கல் உட்கார்ந்து உட்கார்ந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

நல்லையா மூட்டையை வாங்கிக்கொண்டான். லயம் வரும் வரை அவள் பேசவே இல்லை. மழையைப் பற்றிக்கூட.

மறுநாள் அவள் வந்து படுத்தாள். நல்லையா காலை வைத்தான். பாக்கு வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆத்தாள் வயிற்றிலிருந்து கொண்டுவந்த பலம் முழுவதையும் குதிகாலில் இறக்கினான். அந்த உதையின் சத்தம் கேட்டு, கீழே தேயிலை ஸ்டோரில் இருந்தவர்கள் யாரோ பாறைக்கு வெடி வைத்துவிட்டதாக நினைத்து வெளியே ஓடி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை யார் வெடி வைப்பார்கள் என்று அப்புறம்தான் அவர்களுக்குத் தோன்றியது.

கிருஷ்ணம்மா எழுந்து நின்றாள். நிமிர்ந்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். நல்லையாவை ஒரு முறை உற்றுப் பார்த்தாள். இத்தனை வாரமும் என்ன நடந்தது என்பது அவளுக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும். வாய் திறந்தாள். சட்டம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, படி இறங்கி, முடக்கில் மறையும் வரை திரும்பிப் பார்க்காமல் போனாள்.

நல்லையா கோப்பையை எடுக்கக் குனிந்தான். குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். அந்த உதையில் அவன் இடுப்பும் பிடித்துக்கொண்டுவிட்டது.

காலால் பிறந்தவன் எல்லோர் முதுகையும் மிதிக்கலாம், தன் முதுகை மிதிக்க முடியாது. நல்லையா முயன்று பார்த்தான் என்றும், அதில் கூரைத் தகரம் ஒன்று பறந்துபோனது என்றும் சொல்வார்கள். தோட்டத்தில் காலால் பிறந்த வேறு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் வைத்தியர் தங்களைவிட வளைந்து நிற்பதைப் பார்த்தார்கள். ஆனாலும் சாக்கில் படுத்தார்கள். அவன் வளைந்தபடியே உதைத்தான், அவர்கள் நிமிர்ந்து போனார்கள். உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால் அதுவும் பேச்சில் சேர்ந்து வலி திரும்பிவிடுமோ என்று பயந்து, ஒருவரும் கேட்கவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக்கூட ஆள் இல்லாமல், அவன் இராத்திரிகளில் வயிற்றோடு முழங்காலைச் சேர்த்துக்கொண்டு கிடந்தான். பிறப்பதற்கு முன் கிடந்த மாதிரி.

மாசி பிறந்து ஜுனைதீன் பல்லேகமவிலிருந்து திரும்பினார். மாட்டைக் கட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். வலி இல்லாமல் அந்த வாசலுக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் மாட்டின் சார்பில் வருகிறவர்.

"கேளு நல்லையா, ஒனக்குப் போட்டிக்கு ஆள் வந்தீக்கி," என்றார்.

மாரியாயிக்கு ஆண் பிள்ளை. கால் முன்னே வந்து மாட்டிக்கொண்டதாம். கிருஷ்ணம்மா மட்டும் பக்கத்தில் இல்லாவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று அங்கே எல்லோரும் பேசிக்கொண்டார்களாம். அவள் தைப் பொங்கலுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாளாம். பிள்ளை மிதித்தால் உன் இடுப்பு சரியாகும், வா, போவோம் என்றார்.

மாடு நன்றி மறக்கவில்லை. மலை முழுவதும் அது நல்லையாவை உப்பு மூட்டை மாதிரி அலுங்காமல் தூக்கிக்கொண்டு போனது. ஒரு முறை மட்டும் இறக்கி வைக்கப் பார்த்தது.

ஏலக்காய்த் தோட்டத்துக் குடிசையில் பாய் விரித்திருந்தது. நல்லையா வாழ்க்கையில் முதல் முறையாகக் குப்புறப் படுத்தான். படுத்த பிறகுதான் அந்த இடத்திலிருந்து என்ன தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்தது: மண் தரை, அடுப்பு, அடுப்பில் கொதிக்கும் தண்ணீர், பக்கத்தில் இரண்டு தேங்காய்ச் சிரட்டை. கிருஷ்ணம்மா பேரனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். பிள்ளையின் கால் அவன் முதுகுக்கு மேலே காற்றை உதைத்துக்கொண்டிருந்தது.

"இந்தாங்க, மொதல்ல சொல்லுங்க," என்றாள். "மிதிக்க விடவா, தேத்தண்ணி ஊத்தவா? ரெண்டும் சேந்தாப்ல ஆகாது. ஒங்க சட்டம்தான்."

நல்லையா தரையைப் பார்த்தபடி கிடந்தான். வெளியே மாடு அசை போடும் சத்தம் கேட்டது. இந்த ஒரு மிதிக்காகத்தான் அவ்வளவு மலையையும் தாண்டி வந்திருக்கிறான். நிமிர்ந்து, வாய் திறக்காமல், திரும்பிப் பார்க்காமல் போய்விடலாம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, வளைந்தபடியே உட்கார்ந்தான்.

"ஊத்துங்க," என்றான்.

கிருஷ்ணம்மா பிள்ளையை மகளிடம் கொடுத்துவிட்டு ஊற்றினாள். இரண்டு சிரட்டையிலும் ஊற்றினாள். சேலைத் துணி போதவில்லை என்றாள், கருப்பட்டி மழையில் ஊறிவிட்டது என்றாள். பாக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நல்லையாவும் சொல்லவில்லை. வாசலில் ஜுனைதீன் மாட்டிடம், ஒரு சிரட்டைத் தேத்தண்ணிக்கு ஒரு மலைத்தொடர் தாண்டி வந்த மனுஷனை நீயாவது பார்த்திருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்ததும் புறப்பட வேண்டியிருந்தது. நல்லையா படியைத் தாண்டி, வளைந்த இடுப்பைக் கையால் தாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்த்தான்.

"போயிட்டு வர்றேன்," என்றான்.

அதைச் சொல்ல அவனுக்கு இதுவரை ஒரு வீடு இருந்ததில்லை. கிருஷ்ணம்மா சரி என்று தலையை ஆட்டினாள்.

மாடு இறங்கத் தொடங்கியது. வழியில் கல்லுக்குக் கல் இடுப்பு சுண்டி இழுத்தது. வலி பாக்களவுகூடக் குறையவில்லை. நல்லையா அதைக் கை நழுவ விடாமல் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, ஆளில்லாத காம்பராவை நோக்கி, மாட்டின் மேல் வளைந்து உட்கார்ந்து போனான்.