பக்கத்துக்குள் அடங்கிய சட்டை

கண் அறுவை முடிந்து தையலக்கா மறுபடி மெஷின் முன் உட்காரப் போகிறாள் என்றதும், வெளியூரிலிருந்த மகள் தன் பழைய கம்ப்யூட்டரையும் புதுப் பிரிண்டர் ஒன்றையும் அனுப்பி வைத்தாள். பழுப்புத்தாளில் குனிந்து கோடு போட வேண்டாம். சட்டையின் அளவுப்படம் கம்ப்யூட்டரில் வந்துவிடும், அச்செடுத்து ஒட்டி, துணிமேல் வைத்து வெட்டினால் போதும் என்றாள்.

பிரிண்டரைப் பொருத்தும் பொறுப்பை அவள் கணவர் ஏற்றுக்கொண்டார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவ்வளவு பெரிய வண்டியையே ஓட்டியவனுக்கு இந்தப் பெட்டி எம்மாத்திரம் என்று, கூட வந்த புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை. உள்ளே ஒட்டியிருந்த நாடாக்களில் ஒன்றை உரிக்காமல் விட்டதில் அது கரகரவென்று கத்தியது. பிரேக் சத்தம்தான், பழகப் பழகச் சரியாகும் என்றார். நாடாவைக் கண்டுபிடித்து இழுத்தது அவள்தான்.

முதல் துணி அவருடைய சட்டைக்கு. இது சரியாக வந்தால் வெளியார் துணியை வாங்குவது, வராவிட்டால் கடையைக் கட்டுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். எந்தத் தாளையும் டேப் வைத்துப் பார்க்காமல் கத்திரியைத் தொடாதவள் அவள். அன்றும் டேப்பை எடுத்தாள். அச்செடுத்த தாள்களை ஏந்திக்கொண்டு அவர் பெருமையாக நின்ற நிற்பைப் பார்த்தாள். டேப்பைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெட்டினாள்.

தையல் முத்து முத்தாக விழுந்தது. ஆனால் வயிற்றில் பொத்தான் எட்டவில்லை. தனக்குத் தொப்பை போட்டுவிட்டது என்றார் அவர், சட்டென்று.

"வயிறு பெருத்தா கை நீளுமா? கை மணிக்கட்டுக்கு மேலயே நிக்குதே."

அவள் மெஷினுக்கு உறை போட்டாள். பக்கத்து வீட்டு டீச்சரம்மா முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்த துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று அவர் இரண்டாம் தடவை சோறு கேட்கவில்லை. அவள் போடவும் இல்லை.

மறுநாள் அந்தக் கை விஷயம் அவரைக் குடைந்தது. தாள்களை எடுத்துப் பரப்பினார். மூலையில் ஒரு சிறு கட்டம். பத்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று பக்கத்தில் எழுதியிருந்தது. டேப்பை வைத்தவர் மகளைப் போனில் கூப்பிட்டார். பக்கத்துக்குள் அடக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டதா, அதற்கு ஆமாம் கொடுத்தீர்களா என்றாள் மகள்.

"ஓரத்துல இருக்கிறது விட்டுப்போகும்னு சொல்லுச்சும்மா. ஆளைக் கீழ விட்டுட்டு வண்டி எடுத்துப் பழக்கமில்லையே எனக்கு. எல்லாரையும் உள்ள ஏத்திட்டேன்."

அப்படி ஏற்றினால் படம் முழுக்கச் சுருங்கும் என்றாள் மகள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவர் தாளை அடுக்களைக்குக் கொண்டுபோய், மேடைமேல் வைத்து, டேப்பையும் வைத்தார். "எவ்வளவு இருக்கு, படி."

"ஒம்பதரைகூட இல்ல."

"பத்து இருக்கணும். டேப்புல இருக்கிற கோட்டை நீயேதானே படிச்சே? உன் கண்ணும் நல்லாயிருக்கு, கையும் நல்லாயிருக்கு. சுருக்கினது நான்."

அவள் அந்தக் கட்டத்தையே சிறிது நேரம் பார்த்தாள். "அன்னிக்கே அளந்திருப்பேங்க. உங்க மூஞ்சியப் பாத்துட்டேன்."

"இனிமே தாளைப் பாரு."

இந்த முறை ஓரம் போனால் போகட்டும் என்று முழு அளவில் அச்செடுத்தார். அவர் பார்க்க, கட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் அளந்தாள். பிறகு போய் மெஷின் உறையை எடுத்தாள்.

"அப்போ எனக்குத் தொப்பை இல்லைன்னு ஆச்சு."

அவள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "அதை மட்டும் அளக்காம விடுறேன். டீச்சரம்மாகிட்ட போய் துணியை வாங்கிட்டு வாங்க."